மறு: ஐம்பதுக்கு மேல் பண்ணையம் (தேக்கம்பட்டி பாப்பம்மாள்)

அண்ணாவுக்கும் குழுவில் உள்ள சொந்தங்களுக்கும் வணக்கமுங்க.

"ஐம்பது தாண்டியாச்சு, இனி ஊரில் பூமி வாங்கிப் பண்ணையம் பார்ப்பதெல்லாம் ஆகிற காரியமா" என்று போன வாரம் கேட்டிருந்தீர்கள். உடனே மூன்று பேர், கோவைப் பக்கம் தேக்கம்பட்டியில் நூறு வயதைத் தாண்டியும் இயற்கை விவசாயம் பார்த்த பாப்பம்மாள் பாட்டியின் படத்தைப் போட்டு, "இவரைப் பாருங்க அண்ணா" என்று பதிலை முடித்துவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் கோவைக்கு வந்த பிரதமர் அவரைச் சந்தித்தாரே, அந்தப் படம்தான். படத்தில் பாட்டி இருக்கிறார், அவருடைய கடை இல்லை. எனக்கோ அந்தக் கடையைப் பற்றித்தான் எழுதத் தோன்றுகிறது.

அவருடைய சொந்தப் பெயர் ரங்கம்மாள். 1914-இல் தேவராயபுரத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட, உடன்பிறந்த இரண்டு பெண்களோடு தேக்கம்பட்டிப் பாட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பாட்டி நடத்தி வந்தது ஒரு சின்ன மளிகைக் கடை. பாட்டிக்குப் பிறகு கடை இவர் கைக்கு வந்தது. கூடவே ஒரு சாப்பாட்டுக் கடையும் போட்டார். இரண்டிலும் மிச்சம் பிடித்த காசில்தான் சுமார் 10 ஏக்கர் பூமி வாங்கினார். கவனியுங்கள், அப்பன் வழியில் வந்த காடு கிடையாது, புருஷன் வீட்டுச் சொத்தும் கிடையாது. கல்லாப்பெட்டியில் சேர்ந்த காசு.

கிராமத்து மளிகைக் கடையில் அப்படி எவ்வளவு சேரும்? எங்கள் அமுச்சியும் (அம்மாவைப் பெற்றவர்) கடை வைத்திருந்தவர்தான். புளியைப் பிய்த்துத் தராசில் போட்டுவிட்டு, ஒரு விரல் கூடிவிட்டால் நகத்தால் கிள்ளி எடுப்பார். கேட்கிறவர் முகம் வாடினால் அதைவிடச் சின்னதாக ஒரு கிள்ளு திரும்பவும் போடுவார். கடன் வாங்கிப் போனவர்களுக்குச் சுவரில் கரிக்கோடு. யாருடைய கோடு எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். இவ்வளவு கெட்டியாக இருந்தும் கடைசிவரை அவரால் ஒரு சென்ட் கூட வாங்க முடியவில்லை. அதனால்தான் 10 ஏக்கர் என்று படிக்கும்போது எனக்கு மலைப்பாக இருக்கிறது.

இயற்கை விவசாயம் என்றுதான் எல்லோரும் அவரைப் பேசுகிறார்கள், அதற்காகத்தான் 2021-இல் பத்மஸ்ரீயும் அறிவித்தார்கள். சரிதான், குறை சொல்லவில்லை. ஆனால் "பழைய காலத்து மனுஷி, பாட்டன் பூட்டன் செய்த மாதிரியே செய்தார்" என்று நம் குழுவில் ஒருவர் எழுதியதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தோடு அவருக்கு நெடுநாள் தொடர்பு உண்டு. அங்கே போய், கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து செய்தவர். பொதுக் காரியத்திலும் இருந்தார். தேக்கம்பட்டி ஊராட்சியில் வார்டு உறுப்பினர், காரமடை ஒன்றியத்தில் கவுன்சிலர், திமுககாரர். ஒரு ஆண்பிள்ளை இத்தனை செய்திருந்தால் "முற்போக்கு விவசாயி" என்று எழுதியிருப்பார்கள். இவரை நாம் "பாட்டி" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறோம்.

குடும்பம் என்றால், அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. உடன்பிறந்தவள் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகவே வளர்த்தார். பேரன் பேத்தி என்று கடைசிவரை வீடு நிறையத்தான் ஆள் இருந்தார்கள்.

2024 செப்டம்பர் 27-இல் காலமானார். அன்று பேப்பருக்குப் பேப்பர் ஒரு வயது போட்டிருந்தார்கள். நம் ஊர்ப் பெரியவர்களிடம் வயது கேட்டால் "அந்தப் பஞ்சத்துக்கு முன்னாடி" என்றுதானே பதில் வரும், நிருபர்கள் பாவம்.

அண்ணா, உங்களுக்காகச் சொல்ல வந்தது இதுதான். பிற்காலத்தில் அவர் 2.5 ஏக்கரோடு நிறுத்திக்கொண்டார். வாழை, பயறு, காய்கறி. அந்த 2.5 ஏக்கரில்தான் நூறு வயதைத் தாண்டியும் இறங்கி வேலை பார்த்தார். நீங்கள் ஐந்து ஏக்கர் என்று ஆரம்பிக்கிறீர்கள். தேக்கம்பட்டி என்றால் கோயில் யானைகளுக்குப் பவானிக் கரையில் முகாம் போட்ட ஊர் என்று நமக்கு ஞாபகம். கூப்பிடாத யானைகளும் அந்தப் பக்கம் வரும். வாழைத் தோப்பில் ஒரு ராத்திரி இறங்கினால் போதும், வருஷம் போச்சு. எங்கள் அப்பா இரண்டு தடவை பார்த்துவிட்டார், அப்புறம்தான் கறிவேப்பிலைக்கு மாறினார்.

நீங்கள் அனுப்பிய சர்வே எண்ணை அப்பாவிடம் சொன்னேன். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். மண் நல்ல மண்ணாம். ஆனால் கிணறு பொதுக் கிணறு, நாலு பங்காளிகள். உங்களுக்கு முறை வாரத்தில் ஒன்றரை நாள்தான். புரோக்கர் இதைச் சொன்னாரா என்று கேட்டு எழுதுங்கள். அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

வாய்க்கால் வீட்டுப் பையன்,
ஷார்ஜா