கோலார் தங்கவயல் மூடியது தங்கம் தீர்ந்ததாலா?

மாரிக்குப்பத்தான்:
கேஜிஎஃப்பில் தங்கம் தீர்ந்துவிட்டது என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2001 பிப்ரவரி 28-ல் மூடும்போது உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் 300 டாலர்கூட இல்லை, அதனால்தான் நஷ்டம். இன்றைய விலை அதற்குப் பல மடங்கு. தென்னாப்பிரிக்காவில் 4 கிலோமீட்டர் ஆழம் வரை போகிறார்கள், நாம் 3.2 கிலோமீட்டரில் நின்றுவிட்டோம். திறந்தால் என்ன?

கருங்கல்:
அண்ணே, ஆழத்தை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். அங்கே தங்கம் இருப்பது ஆற்றுக் கூழாங்கற்கள் இறுகிய படிவத்தில், பாய் விரித்த மாதிரி பல கிலோமீட்டர் பரந்து கிடக்கும். கோலாரில் சுமார் 270 கோடி வருடத்துக்கு முந்தைய எரிமலைப் பாறை, அதன் விரிசல்களில் பூமிக்கடியிலிருந்து ஏறிவந்த சுடுநீர் குவார்ட்ஸையும் தங்கத்தையும் படியவிட்டுப் போனது. சாம்பியன் ரீஃப் என்கிறோமே, அது கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்கும் ஒரு மெல்லிய நரம்புதான், அதிலும் தங்கம் அங்கங்கே கொத்தாகத்தான் இருக்கும். ஆரம்பத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் எடுத்தார்கள், கடைசியில் 3, 4 கிராம்.

மாரிக்குப்பத்தான்:
சரி, ஹட்டி தங்கச் சுரங்கத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? அதே கர்நாடகம், அதே வகைப் பாறை, கொஞ்சம் கிராம்தான், இன்றும் ஓடுகிறது.

கருங்கல்:
ஹட்டியின் ஆழம் நம்மில் பாதிகூட இல்லை. இங்கே அடியில் பாறையே 65 டிகிரி சுடும், குளிர்ந்த காற்றை அனுப்பாமல் ஆள் நிற்க முடியாது. அதோடு பம்பை நிறுத்திய பிறகு ஷாஃப்டுகளில், அதாவது ஆள் இறங்கும் செங்குத்துக் குழிகளில், தண்ணீர் நிரம்பிவிட்டது. அந்தத் தண்ணீரை வெளியேற்றி, நூறு வருடமாகத் தோண்டித் தோண்டிப் பொந்தாகிப்போன பாறைக்குள் மறுபடி ஆளை இறக்குவதா?

ராபர்ட்சன்பேட்டை பேத்தி:
இருவருமே ஏர் பிளாஸ்டைப் பற்றிப் பேசவில்லையே. மேலே இருக்கிற பாறையின் பாரம் தாங்காமல், தோண்டிய இடத்தைச் சுற்றியுள்ள கல் குண்டு மாதிரி வெடிக்கும். எங்கள் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்து அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர். ராத்திரியில் தரை அதிர்ந்து அலமாரிப் பாத்திரம் உருண்டால், பாட்டி பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்ட் பக்கம் ஓடுவாராம். தெருவே ஓடுமாம். லாபக் கணக்கு போடுகிறவர்கள் இதையும் எண்ணிப் பாருங்கள்.

மாரிக்குப்பத்தான்:
அதை நான் மறுக்கவே இல்லை தங்கச்சி, எங்கள் வீட்டிலும் கேட்டு வளர்ந்த கதைதான். ஆனால் அன்றாடம் பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்குப் போகும் எங்கள் பையன்களுக்கு என்ன வழி? அடியில் வேண்டாம் என்றால் சயனைடு மேடுகளையாவது எடுக்கட்டும். அரைத்து, சயனைடில் தங்கத்தைக் கரைத்தெடுத்தபின் கொட்டிய மண் 3 கோடி டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கிறது, பழைய முறையில் அரைத்ததில் தப்பிய தங்கம் அதில் இருக்கிறது.

கருங்கல்:
இதில் உங்களோடு நிற்கிறேன். டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவுதான், ஆனால் தோண்டவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம், ஏற்கெனவே மாவாக இருக்கிறது.

ராபர்ட்சன்பேட்டை பேத்தி:
காற்றடிக்கும் மாதங்களில் அந்த மாவு எங்கள் சோற்றுத் தட்டில் வந்து விழுகிறது அண்ணே. மேட்டைக் கிளறுவதற்கு முன்னால் தூசியை எப்படி அடக்கப் போகிறார்கள், கரைத்த தண்ணீரை எங்கே விடப் போகிறார்கள் என்று எழுதிக் கொடுக்கட்டும். அப்புறம் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.