தெர்மல் பேட்டரிக்கு 'வெப்ப மின்கலம்' சரிவராது

உபரி மின்சாரத்தைச் சூடாக மாற்றிச் சேமித்து வைக்கும் 'தெர்மல் பேட்டரி'க்குத் தமிழில் 'வெப்ப மின்கலம்' என்ற பெயர் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. காரணம் எளிது, அதற்குள் மின்கலமே இல்லை. உள்ளே போவது உபரி மின்சாரம், வெளியே வருவது கொதிக்கும் காற்று அல்லது நீராவி. பெயரைப் படித்துவிட்டு இதை வைத்து விளக்கு எரிக்கலாம் என்று ஒருவர் நினைத்தால் தப்பு அவர்மேல் இல்லை, பெயர் வைத்த நம்மேல்தான். போதாக்குறைக்கு, ஏவுகணைகளில் உருகிய உப்பைக் கொண்டு ஒரே ஒருமுறை மின்சாரம் தரும் நிஜமான தெர்மல் பேட்டரி வேறு இருக்கிறது. அந்தச் சொல்லை அதற்கே விட்டுவிடுவோம்.

நாம் பெயர் தேடும் பொருள் இஸ்திரிப் பெட்டி மாதிரிதான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இரண்டு சட்டை தேய்க்க முடிகிறதே, அந்தச் சூட்டைப் பெரிய அளவில் யோசியுங்கள். உலைக்குப் போடும் செங்கல்லை வீடு உயரத்துக்கு அடுக்கி, இடையிடையே மின்கம்பிச் சுருள் ஓட்டி, வெயிலோ காற்றோ மிஞ்சும் நேரத்தில் மின்சாரத்தை விட்டால் கம்பி பழுத்து, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கல்லும் பழுக்கும். தேவைப்படும்போது விசிறியால் காற்றை உள்ளே தள்ளினால் போதும். ஒரு டன் செங்கல்லை 1000 டிகிரி சூடேற்றினால் ஏறக்குறைய 280 யூனிட் உள்ளே நிற்கும். லித்தியம் பேட்டரியில் ஒரு டன் எடுத்தாலும் ஏறத்தாழ இவ்வளவுதான் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. ஆனால் லித்தியத்தில் வருவது மின்சாரம், இதில் வெறும் சூடு. சிமென்ட், காகிதம், சாயம் என்று எந்த ஆலையை எடுத்தாலும் கேட்பது பெரும்பாலும் சூட்டைத்தான், அதனால் அது குறையே இல்லை.

புதுசும் இல்லை. இரும்பு உருக்கும் ஊதுலைக்குக் காற்றைச் சூடாக்க, செங்கல்லில் சூட்டைப் பிடித்து வைத்துத் திருப்பித் தரும் அடுப்புக்கு ஆங்கிலேயப் பொறியாளர் கௌப்பர் 1857லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

இனி சொல்லுக்கு வருவோம். 'சேமக்கலம்' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் திரும்ப மின்னேற்றும் பேட்டரிக்கு அதைப் பாடநூல்கள் எடுத்துக்கொண்டுவிட்டன, தட்டி ஒலிக்கும் வெண்கலத் தட்டுக்கும் அதுதான் பெயர். 'வெப்பக் குதிர்' என்று ஒருவர் சொன்னதில் மனசு போனது. நெல்லை மேலே கொட்டி, வேண்டும்போது கீழே வாய் திறந்து எடுப்பது, செயல் அப்படியே பொருந்துகிறது. ஆனாலும் பொறியாளர் வாயில் அது நுழையாது என்று தோன்றுகிறது.

நான் சொல்வது 'தேக்கி'. மின்தேக்கி (கபாசிட்டர்) ஏற்கெனவே பழகிய சொல். அது மின்னூட்டத்தை வேதிப்பொருளாக மாற்றாமல் மின்னூட்டமாகவே வைத்துக்கொள்கிறது, இதுவும் சூட்டைச் சூடாகவே வைத்துக்கொள்கிறது. பொதுவாக எல்லாவற்றுக்கும் வெப்பத் தேக்கி, வெந்நீர்த் தொட்டிகூட அதில் அடங்கும். உயர் வெப்பநிலைக்கு 'உயர்வெப்பநிலை வெப்பத் தேக்கி' என்றால் மூச்சு முட்டும், 'அனல் தேக்கி' போதும். வெந்நீரை யாரும் அனல் என்பதில்லை, அனல் மின் நிலையம் என்று சொல்லிப் பழகியும் விட்டோம். இலக்கணப்படி 'அனற்றேக்கி' என்று எழுதவேண்டும் என்று யாராவது வருவார்கள் (வரட்டும்), அதை ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்லாந்தில் கன்கான்பாவில் 2022இல் தொடங்கிய 'மணல் பேட்டரி' ஊருக்கு வெந்நீர்தானே தருகிறது, அது எதில் சேரும் என்ற கேள்வி நியாயமானது. வெளியே என்ன போகிறது என்று பார்க்கவேண்டாம், உள்ளே என்ன நிற்கிறது என்று பாருங்கள். அந்த 100 டன் மணல் 500 டிகிரிக்கு மேல் போகிறது, எனவே அனல் தேக்கிதான். கரிக்கட்டியை வெண்மையாகப் பழுக்கவைத்து, அந்த ஒளியிலிருந்து மின்சாரம் எடுப்பதும் உண்டே என்றால், மின்சாரம் எடுப்பது பக்கத்தில் நிற்கும் இன்னொரு கருவி. டர்பைன் மாட்டியிருக்கிறது என்பதற்காகக் கொதிகலனை யாரும் மின்கலம் என்பதில்லையே.

சார்ஜ் செய்வதற்கு அனலேற்றம், எடுப்பதற்கு அனலிறக்கம் என்று கிளைச்சொற்களும் தானாக வருகின்றன. 'எவ்வளவு மிச்சம்' என்பதற்குப் புதுச்சொல் எதுவும் வேண்டாம், 'இருப்பு' என்றே வைக்கலாம். "பிற்பகல் அனலேற்றம் முடிந்தது, இரவு முழுக்க நீராவி போனது, காலை 6 மணிக்குத் தேக்கியில் இருப்பு 40 சதவீதம்." ஆலையில் பதிவேடு எழுதுகிறவர் இதை இப்படியே எழுதுவாரா, எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.