அக்வஸ் (நீர் சார்ந்த) கோட்டிங் போட்ட ஷீட் அடுக்கில் ஒட்டுகிறது, வழி சொல்லுங்கள்

ஆப்செட் நண்பர்களுக்கு வணக்கம். 300 ஜிஎஸ்எம் டூப்ளெக்ஸ் போர்டில் (பெட்டி அட்டை) நாலு கலர், இன்லைனில், அதாவது அச்சின் அதே ஓட்டத்தில், அக்வஸ் கிளாஸ் கோட்டிங். மெஷினிலிருந்து ஷீட் வந்து சேரும் டெலிவரியில் எடுத்தால் ஷீட் கைக்குக் காய்ந்தே இருக்கிறது. சில மணி நேரத்தில் அடுக்கின் அடிப்பாகம் பாளமாக ஒட்டிவிடுகிறது. பிரித்தால் அடர்நீல சாலிட் (முழு மை பரப்பு) மேல் ஷீட்டின் முதுகோடு உரிந்து வருகிறது. மை குறைவான இடங்களில் தொல்லை இல்லை.

இப்போதைய செட்டிங்: கோட்டிங்கின் கெட்டித்தன்மை டின் 4 (DIN 4) அளவுக் கப்பில் 40 நொடி, பவுண்டன் (பிளேட்டை நனைக்கும் நீர்) பிஎச் 5.0, ஷீட்டுகள் ஒட்டாமலிருக்கத் தூவும் பவுடர் 20 மைக்ரான், ஐஆர் (அகச்சிவப்பு) உலர்த்தி முழு அளவில். அடுக்கின் நடுவே தெர்மாமீட்டர் செருகினால் 44 டிகிரி.

என் சந்தேகம் இந்தச் சூட்டின் மீதுதான். 35 டிகிரியைத் தாண்டினால் கோட்டிங் படலம் இளகும், மேலே உள்ள எடை அதை அழுத்திவிடும். ஐஆரைக் குறைத்தாலோ தண்ணீர் முழுதாகப் போகாது. ஆகவே ஐஆரை இறக்கி, சூடான காற்றைக் கூட்டி, ஈரக்காற்றை இழுக்கும் எக்ஸாஸ்ட் பில்டரைச் சுத்தம் செய்து, அடுக்கை 50 செ.மீ.க்குள் நிறுத்தலாம் என்று திட்டம்.

பவுடரை அள்ளிப் போடுவது தீர்வாகாது; மேற்பரப்பு சொரசொரக்கும், பெட்டி ஒட்டும் பேஸ்டிங்கிலும் பசை சரியாகப் பிடிக்காது. இந்த கனத்துக்கு 30 மைக்ரான் பவுடரைக் குறைவாகப் போட்டால் போதுமா? சாலிட் அதிகமுள்ள வேலைக்கு வெப்பம் தாங்கும் கோட்டிங் பயன்படுத்துபவர்கள், அடுக்குச் சூட்டை எத்தனை டிகிரியில் வைக்கிறீர்கள்?