ஸ்மியர் சோன்: ‘பிசுக்குப் பட்டை’ என்று வைக்கலாமா?

வணக்கம்.

ஸ்மியர் சோன் (smear zone) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த மடல் இழை நீண்டுகொண்டே போவதால் என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலத்தடி நீரில் பெட்ரோலிய மாசைக் கண்காணிக்கும் அறிக்கைகளில் அடிக்கடி வரும் ஸ்மியர் சோனுக்கு, அதாவது நீர்மட்டம் ஏறி இறங்குவதால் எண்ணெய் ஒட்டிக்கொண்டு நிற்கும் மண் பகுதிக்கு, ‘பிசுக்குப் பட்டை’ என்று வைக்கலாம்.

> படிவு மண்டலம் போதாதா? ஏற்கெனவே புழங்குகிற சொல்தானே.

போதாது ஐயா. படிவது என்றால் கீழே இறங்கித் தங்குவது. வண்டல் படியும், தூசி படியும். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் பெட்ரோலின் அடர்த்தி ஏறத்தாழ 0.74, டீசலுக்கு 0.84. இரண்டுமே தண்ணீரில் மிதப்பவை. தொட்டியிலிருந்து கசிந்த எண்ணெய் மண்ணுக்குள் இறங்கி நீர்மட்டத்தை எட்டியதும் அங்கே மிதந்து பக்கவாட்டில் பரவுகிறது. அப்புறம் நீர்மட்டம் தாழ்ந்தால் எண்ணெயும் கூடவே தாழும். மட்டம் மறுபடி உயரும்போது எண்ணெய் முழுவதும் ஏறி வருவதில்லை. ஒரு பங்கு மண்துகள்களின் இடுக்குகளில் சிறு துளிகளாகச் சிக்கி, தண்ணீருக்கு அடியிலேயே நின்றுவிடும்.

ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் எண்ணெயை ஊற்றி, அடியில் துளையிட்டுத் தண்ணீரை மெல்ல வடியவிட்டுப் பாருங்கள். பழைய மட்டத்திலிருந்து புது மட்டம் வரை வாளியின் உட்புறம் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்குமே, அதை யாரைக் கேட்டாலும் எண்ணெய்ப் பிசுக்கு என்றுதான் சொல்வார்கள். வெறும் தண்ணீரில் கழுவினால் போகாது என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மண்ணில் நடப்பதும் அதுதான்.

> அப்படியானால் கறைப்பட்டை?

நல்ல சொல், எனக்கும் முதலில் பிடித்திருந்தது. டீசல் கசிந்த இடத்தில் தோண்டியெடுத்த மண் சாம்பல் நிறத்திலோ கரும்பச்சையாகவோ இருப்பதுண்டு. ஆனால் பெட்ரோல் பல நேரம் கண்ணுக்குத் தெரிகிற கறையை விடாது. வாடையை வைத்தோ, மண்ணிலிருந்து எழும் ஆவியை அளக்கும் கருவியை வைத்தோதான் கண்டுபிடிக்க வேண்டும். “மண்ணில் கறை ஏதும் இல்லை” என்று ஒரு வரியும் “கறைப்பட்டையின் தடிமன்” என்று அடுத்த வரியும் எழுத நேர்ந்தால் படிப்பவர் குழம்பிப்போவார்.

பட்டையை மட்டும் அந்தப் பரிந்துரையிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். நிறைவுற்ற மண்டலம் (நீர்மட்டத்துக்குக் கீழே, இடுக்கெல்லாம் நீர் நிரம்பிய மண்), நிறைவுறா மண்டலம் (அதற்கு மேலே உள்ள மண்) என்று ஏற்கெனவே இரண்டு மண்டலங்கள் உண்டு. இது அவை இரண்டிலும் கால்வைத்து நிற்பது. சுவரில் அடித்த பட்டைபோல இதற்கு மேல்விளிம்பு, கீழ்விளிம்பு உண்டு. எண்ணெய் மிதந்த உச்ச மட்டம் ஒன்று, தாழ்ந்த மட்டம் மற்றொன்று.

ஒரு சொல்லுக்காக ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன் என்றால், அண்மையில் நான் தமிழாக்கிய ஓர் அறிக்கைதான் காரணம். ஒரு கண்காணிப்புக் கிணற்றின் அட்டவணையில் நீர்மட்டம் தாழ்ந்திருந்த மாதத்தில் மிதக்கும் எண்ணெய் 30 செ.மீ. மழைக்குப் பிந்தைய அளவீட்டில் சுழி. அதை வைத்துச் சுருக்கவுரையில் “எண்ணெய் நீங்கிவிட்டது” என்று எழுதியிருந்தார்கள். நீங்கவில்லை! நீர்மட்டம் உயர்ந்ததில் பட்டை மூழ்கிவிட்டது, அவ்வளவுதான். மூழ்கிய பிசுக்கிலிருந்து, பெட்ரோலில் உள்ள நச்சுப்பொருளான பென்சீன் தண்ணீரில் கரைந்துகொண்டே இருக்கும். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார அமைப்பு காட்டும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். அந்த வரியைப் படித்துவிட்டு, பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை யாராவது நம்பிக் குடித்தால் என்ன ஆகும்?

“மிதக்கும் எண்ணெய் இல்லை; பிசுக்குப் பட்டை நீரில் மூழ்கியுள்ளது” என்று எழுதிப் பாருங்கள். துறை தெரியாதவருக்கும் ஆபத்து இன்னும் இருப்பது புரியும். கிணறு அமைப்பவருக்கும் இது உதவும். “குழாயின் துளையுள்ள பகுதி பிசுக்குப் பட்டை முழுவதையும் தழுவி நிற்க வேண்டும்” என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். துளைகள் நீர்மட்டத்துக்குக் கீழேதான் தொடங்குகின்றன என்றால் மிதக்கும் எண்ணெய் கிணற்றுக்குள் வராது, அளவுகோல் எப்போதும் சுழியையே காட்டும்.

> பிசுக்கு பேச்சுவழக்காக இருக்கிறதே, கலைச்சொல்லுக்குத் தகுமா?

வண்டலும் ஓதமும் மக்கள் வாயிலிருந்து வந்தவைதானே அம்மா. இன்று பாடநூலில் உட்கார்ந்திருக்கின்றன. பிசுக்கும் உட்காரும்.

இதே இழையில் ப்ளூம் (plume) என்ற சொல்லுக்கு வந்த ‘மாசுத்தாரை’ எனக்கு உடன்பாடே. கரைந்த மாசு நிலத்தடி நீரோட்டத்தின் போக்கில் நீண்டு செல்வதை அது காட்டுகிறது. கிணற்றில் மிதப்பதை ‘மிதவை எண்ணெய்’ எனலாமா, ‘மிதப்பெண்ணெய்’ எனலாமா என்பதில்தான் எனக்கு இன்னும் தயக்கம். மிதவை என்றதும் தெப்பம் நினைவுக்கு வருகிறது. வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.