சிசிலியின் கவசப் பொம்மைகள்: பலெர்மோ வீரன் வாளை உருவுகிறான், கத்தானியா வீரன் உருவுவதில்லை. ஏன்?

மரப்பாச்சி:

வணக்கம். இத்தாலியின் சிசிலித் தீவில் ஆடும் ‘ஓபெரா தேய் பூபி’ என்ற பொம்மலாட்டம் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதி வருகிறேன். கவசம் பூண்ட பொம்மை ஒன்றென்றால் ‘பூபோ’, பலவென்றால் ‘பூபி’, ஆட்டுவிப்பவர் ‘பூபாரோ’ என்பது வரை தெரியும். படங்களை வரிசையாகப் பார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. பலெர்மோ பொம்மைகள் பலவற்றில் வாள் இடுப்பு உறைக்குள் இருக்கிறது, கை வெறுமையாக இருக்கிறது. கத்தானியா வீரர்களோ அரசவையில் நிற்கும்போதுகூட வாளைப் பிடித்தபடியே இருக்கிறார்கள். இது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும் வழக்கமா, பொம்மையின் அமைப்பே வேறா?

கூடவே இரண்டு கேள்விகள். குடும்பக் கலை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குப் போவது எது? பொம்மைகளா, கதையா, கைப்பழக்கமா? பிறகு அந்தக் கவசம் நிஜ உலோகமா, வர்ணம் பூசிய அட்டையா?

“இடைக்காலம் முதல் சிசிலியில் ஆடப்பட்டு வரும் கலை” என்று முதல் வரி எழுதியிருக்கிறேன். தவறென்றால் திருத்துங்கள்.

கம்பிக்காரன்:

அமைப்பே வேறு. ஆட்டுபவர் எங்கே நிற்கிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள், மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

பலெர்மோவில் ஆட்டுபவர்கள் மேடைத் தளத்திலேயே, இரு பக்கத் தட்டிகளுக்குப் பின்னால் நிற்கிறார்கள். அங்கிருந்து கையை நீட்டித்தான் பொம்மையை மேடைக்குள் பிடிக்க வேண்டும். நீட்டிய கை எவ்வளவு கனம் தாங்கும்? அதனால் பொம்மையின் உயரம் 80 செ.மீ.யிலிருந்து 1 மீட்டருக்குள், எடை 8 முதல் 10 கிலோ. கத்தானியாவில் பின்திரைக்கு அப்பால் உயரமாகக் கட்டிய பலகைப் பாலத்தின் மேல் நின்று ஆட்டுகிறார்கள். கம்பி நேராகக் கீழே இறங்குவதால் கனமான பொம்மையையும் தாங்க முடிகிறது: உயரம் 1.10 முதல் 1.30 மீட்டர், எடை 30 கிலோ வரை. மேடையின் வடிவமும் இதையே பின்பற்றுகிறது. பலெர்மோ மேடை ஆழமானது, கத்தானியா மேடை அகலமானது.

இரண்டு ஊரிலும் முக்கியக் கம்பிகள் இரண்டு. ஒன்று உச்சந்தலை வழியாக இறங்கி உடற்பகுதியின் வளையத்தில் கொக்கியாக மாட்டிக்கொள்கிறது. ஆகவே முழு எடையும் தொங்குவது உடலிலிருந்து, தலையிலிருந்து அல்ல. இன்னொரு கம்பி வலது கையின் மூடிய முட்டிக்குப் போகிறது. கேடயம் ஏந்திய இடது கைக்குக் கம்பி கிடையாது, நூல்தான்.

இப்போது வாள். பலெர்மோ பொம்மையின் மூடிய கைமுட்டிக்குள் ஒரு துளை உண்டு. வாளின் பிடியில் கட்டிய நூல் அந்தத் துளை வழியாக மேலேறி ஆட்டுபவரின் விரலுக்கு வருகிறது. நூலை இழுத்தால் பிடி எழும்பி முட்டிக்குள் வந்து பொருந்தும், வாள் உறையிலிருந்து வெளியே வரும். நூலைக் கம்பியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருக்கும் வரை வாள் கையில் நிற்கும். விட்டால் மறுபடி உறைக்குள் இறக்கலாம். தலைக்கவசத்தின் முகமூடியைத் தூக்கவும் இப்படி ஒரு தனி நூல் உண்டு.

சிக்கல் எல்லாம் அந்தத் துளையில்தான் வரும். துளையின் விளிம்பு கூராக இருந்தால் நூல் உரசி உரசி, சண்டை உச்சத்தில் இருக்கும்போது அறும். நூல் குட்டையாக இருந்தால் வாள் உறைக்குள் முழுவதும் இறங்காது. பிடி தளர்ந்தால் வாள் முட்டியில் ஆடும், அடி விழுந்த ஓசையே வராது.

கத்தானியாவில் இந்த ஏற்பாடே இல்லை. வாள் முட்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டது. அரசவையோ போர்க்களமோ, அது கையில்தான் இருக்கும்.

முழங்காலையும் கவனியுங்கள். பலெர்மோ பொம்மைக்கு முழங்கால் மடங்கும், கத்தானியா பொம்மைக்கு மடங்காது. 30 கிலோவை மேலிருந்து இறக்கி நிறுத்தும்போது முழங்கால் மடங்கினால் வீரன் அப்படியே உட்கார்ந்துவிடுவான். பலெர்மோ நடை மணிக்கட்டில் இருக்கிறது: தலைக்கம்பியை இடம் வலமாகச் சிறிது திருப்பினால் ஒரு பக்கத்துக் கால் தானாக முன்னே வீசும். பழகாத கை பொம்மையைத் தூக்கிப் பிடிக்கும், அப்போது வீரன் காற்றில் மிதப்பான். தாழ்த்திப் பிடித்தால் முழங்கால் மடங்கி மண்டியிடுவான். பாதம் பலகையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், அந்த உயரத்தை மணிக்கணக்கில் கை தவறவிடக் கூடாது.

பழைய ஏடு:

முதல் வரியை மாற்றிவிடுங்கள். கதை இடைக்காலத்தது, இந்த ஆட்டம் அவ்வளவு பழையதல்ல. சார்லமேன் அரசனின் வீரர்களைப் பொம்மைகளாக ஆட்டுவது முன்பே உண்டு. 1615இல் வெளிவந்த டான் குயிக்ஸோட் இரண்டாம் பாகத்திலேயே அப்படி ஒரு பொம்மலாட்டம் வருகிறது. ஆனால் உலோகக் கவசம் பூட்டி, இரவுக்கு ஒரு பகுதியாகத் தொடர்கதை நடத்தும் சிசிலி முறை 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் உருவானது. பலெர்மோவில் கயெத்தானோ கிரெக்கோ, லிபெர்த்தோ கனீனோ, கத்தானியாவில் கயெத்தானோ கிரீமி, ஜொவான்னி கிராஸ்ஸோ ஆகியோரின் பெயர்களை முன்னோடிகளாகச் சொல்வார்கள்.

ஜூஸ்தோ லோதிகோ 1858 முதல் 1860 வரை வெளியிட்ட ‘பிரான்ஸின் பாலதீன்களின் வரலாறு’ பெரிய திருப்பம் (பாலதீன்கள் என்றால் சார்லமேனின் வீரர்கள்). சிதறிக் கிடந்த காவியங்களையும் கிளைக்கதைகளையும் அவர் ஒரே உரைநடைத் தொடராகக் கோத்தார். அதற்குப் பிறகு ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் பொதுவான கதைநூல் கிடைத்தது. இரவுக்கு ஒரு பகுதியாக ஆடினால் முழுக்கதை முடிய ஒரு வருடத்துக்கும் மேலாகும். வசனத்தை எழுதி மனப்பாடம் செய்யும் வழக்கம் இல்லை. யார் வருகிறார், யார் சாகிறார், சண்டை எத்தனை என்ற குறிப்பு மட்டும் ஏட்டில் இருக்கும், பேச்சு அந்த நேரத்தில் வாயில் வரும். வாழ்த்து, சவால், புலம்பல் ஆகியவற்றுக்கு நிலையான சொல்லடுக்குகள் உண்டு. பிள்ளைகள் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டுக் கேட்டுப் பிடிப்பது அவற்றைத்தான்.

எது கைமாறுகிறது என்ற கேள்விக்கு அவர்களிடமே ஒரு சொல் இருக்கிறது: ‘மெஸ்தியேரே’. தொழில் என்று பொருள். ஆனால் பூபாரோக்கள் அந்தச் சொல்லால் குறிப்பது பொம்மைகள், திரைகள், விளம்பரப் படுதாக்கள், கதைக்குறிப்பு ஏடுகள் எல்லாம் அடங்கிய முழுத் தொகுதியை. முழுக்கதை ஆட நூற்றுக்கும் மேற்பட்ட பொம்மைகள் வேண்டும். எனவே அண்ணன் தம்பிக்குப் பாதிப்பாதி பிரித்தால் இருவராலும் ஆட முடியாது. எதிரிகளான சரசென் (முஸ்லிம்) படை ஒருவரிடம், சார்லமேனின் தலைசிறந்த வீரன் ஓர்லாந்தோ இன்னொருவரிடம் என்றால், ஓர்லாந்தோ மடியும் ரொன்சிஸ்வாலேப் போரை யார் காட்டுவது? நிலத்தைப் போலப் பாகம் போட முடியாத சொத்து இது.

இரத்த உறவு கட்டாயம் என்று எழுதாதீர்கள். ஆச்சிரெயாலே ஊரின் எமானுவேலே மக்ரீ 1908ஆம் ஆண்டு மெஸ்ஸினா நிலநடுக்கத்தில் பெற்றோரை இழந்த குழந்தை. பூபாரோ மரியானோ பென்னீசி எடுத்து வளர்த்தார், அவருடைய அரங்கு மக்ரீயிடம் வந்தது.

குத்திக்கியோ குடும்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுங்கள். ஜாக்கோமோ குத்திக்கியோ (1917–1985) ஊர் ஊராகப் போய் ஆடியவர். மகன் மிம்மோ 1948இல் ஜெலாவில் பிறந்ததும் அப்படி ஒரு பயணத்தின்போதுதான். மிம்மோ தந்தையிடம் பொம்மையையும், பெப்பீனோ சேலானோவிடம் ‘குந்தோ’ என்ற கதைசொல்லலையும் கற்றார். குந்தோவில் கதைசொல்லி கையில் மரவாள் ஒன்றை வைத்துக்கொண்டு, போர் வரும் இடத்தில் சொற்களை மூச்சுக்கு மூச்சு வெட்டி வெட்டிச் சொல்வார். சினிமாவும் தொலைக்காட்சியும் வந்து பழைய அரங்குகள் மூடிக்கொண்டிருந்த காலத்தில், 1973இல், பலெர்மோவின் பாரா அல்லொலிவெல்லா தெருவில் மிம்மோ சிறிய அரங்கு ஒன்றைத் திறந்தார்.

கத்தானியாவில் நாப்போலி குடும்பம். கயெத்தானோ நாப்போலி 1921இல் எட்னா அரங்கைத் தொடங்கினார், 1978இல் நாப்போலி சகோதரர்கள் நெதர்லாந்தின் எராஸ்மஸ் பரிசு பெற்றவர்களில் இருந்தனர். இங்கே ஒரு வேறுபாட்டைத் தவறவிடாதீர்கள். பலெர்மோவில் பூபாரோ ஒருவரே ஆட்டியபடி ஆண், பெண், அரசன், மந்திரவாதி என்று அத்தனை குரலும் பேசுவார். கத்தானியாவில் ஆட்டுபவர் ‘மனியாந்தி’, பேசுபவர் ‘பர்ராத்தூரி’, இருவரும் வேறு வேறு ஆட்கள். பேச்சு தனி வேலையானதால் அங்கே பெண்களுக்கும் இடம் கிடைத்தது. இத்தாலியா கியேசா நாப்போலி அப்படிப் பெயர் பெற்ற பேச்சாளர். பலெர்மோ மரபை மட்டும் பார்த்தவர்கள் பெண்கள் தையலும் திரை ஓவியமும்தான் செய்தார்கள் என்று எழுதிவிடுகிறார்கள்.

கிராஸ்ஸோ குடும்பத்தில் பிறந்த இன்னொரு ஜொவான்னி கிராஸ்ஸோ (1873–1930) பொம்மையை விட்டு மேடை நடிகரானார். மான்டேயோ குடும்பம் கத்தானியா முறையை நியூயார்க்குக்குக் கொண்டுபோனது. இந்தக் கலையைப் பண்பாட்டு மரபாக யுனெஸ்கோ அறிவித்தது 2001இல், அதன் பிரதிநிதித்துவப் பட்டியலில் சேர்த்தது 2008இல். இரண்டு ஆண்டையும் குழப்பிவிடாதீர்கள்.

மரப்பாச்சி:

ஐயா இருவருக்கும் நன்றி, முதல் வரியை அடித்துவிட்டேன். கவசக் கேள்வி மட்டும் நிற்கிறது. இன்னொன்று: ஒரு படத்தில் பலெர்மோ ஓர்லாந்தோவின் கண்கள் மாறுகண்ணாகத் தெரிகின்றன. செதுக்கியவரின் பிழையா?

தகட்டுவேலை:

நிஜ உலோகம்தான். பித்தளை, செம்பு, ஜெர்மன் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த வெள்ளை உலோகம்). உள்ளே மரச்சட்டம், அதன் மேல் துணிப் பொதிவு, அதற்கு மேல்தான் கவசம்.

வேலை தொடங்குவது காகிதத்தில். மார்பு, முதுகு, தோள், முன்கை, தொடை, முழங்கால், கெண்டைக்கால், தலைக்கவசம், கேடயம் என்று ஒவ்வொன்றுக்கும் வெட்டுமாதிரி இருக்கும். ஒரு குடும்பத்தின் கை எது என்று காட்டிக்கொடுப்பது இந்த மாதிரிகள்தான். மாதிரியைத் தகட்டில் வைத்துக் கீறி, கத்தரியால் வெட்டி, ஈயக்கட்டியின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டிக் குழிப்பார்கள். பித்தளை அடி வாங்க வாங்க இறுகும். இறுகிய பிறகும் தட்டினால் விளிம்பில் கீறல் விடும். அதனால் நடுநடுவே மங்கிய சிவப்பு வரும் வரை காய்ச்சி ஆறவிட வேண்டும். மிஞ்சிக் காய்ச்சினால் துத்தநாகம் ஆவியாகிப் பரப்பு சொரசொரப்பாகும்.

பலெர்மோவில் பூக்கொடி அலங்காரங்களை வேறு நிற உலோகத்தில் தனியாக வெட்டி மேலே பற்றவைப்பார்கள். பித்தளையின் மேல் செம்பு, வெள்ளை உலோகத்தின் மேல் பித்தளை. கத்தானியாவில் தகட்டையே தட்டிப் புடைப்பது அதிகம். பற்றவைப்பில் வரிசை தவறக் கூடாது. வெள்ளீயப் பற்று சுமார் 200 டிகிரி செல்சியஸிலேயே உருகும், பித்தளையை இளக்க 450 டிகிரிக்கு மேல் வேண்டும். அலங்காரத்தை ஒட்டிவிட்டுப் பிறகு ‘இன்னும் கொஞ்சம் வளைக்கலாம்’ என்று காய்ச்சினால் ஒட்டியதெல்லாம் கழன்று வழியும். குழிப்பதையும் வளைப்பதையும் முதலில் முடித்துவிட வேண்டும். பற்றவைக்கத் தடவிய அமிலத்தை உடனே கழுவ வேண்டும், இல்லையென்றால் இடுக்குகளில் பச்சை பூக்கும்.

மெருகுக்கு எலுமிச்சையும் உப்பும் பழைய வழி. நன்றாகக் கழுவித் துடைத்தால் போதும். அம்மோனியா கலந்த மெருகுத் திரவத்தைத் தொடவே தொடாதீர்கள். தட்டி இறுகிய பித்தளையில் அம்மோனியா பட்டால் நாளடைவில் தானாக வெடிப்பு விடும்.

கம்பிக்காரன்:

மாறுகண் பிழையல்ல. ஓர்லாந்தோவுக்கு அப்படிச் செதுக்குவது மரபு. கேடயத்தைப் பாருங்கள்: சிலுவை என்றால் ஓர்லாந்தோ, சிங்கம் என்றால் ரினால்தோ. குட்டைப் பாவாடை போன்ற உடை கிறிஸ்தவ வீரர்களுக்கு, தொளதொளத்த காற்சட்டையும் பிறையும் சரசென்களுக்கு. வீரர்கள் நடுவே உள்ளூர்ப் பேச்சு பேசும் சாதாரண ஆள் நின்றால், கத்தானியாவில் அது பெப்பினீனு, பலெர்மோவில் நோஃப்ரியோ அல்லது விர்த்திக்கியோ.

விளம்பரப் படுதாவிலும் ஊர் தெரியும். பல கட்டங்களாகப் பிரித்துக் கதையைத் தொடராக வரைந்திருந்தால் பலெர்மோ, ஒரே பெரிய காட்சி என்றால் கத்தானியா.

படத்தில் தலை இரண்டாகப் பிளக்கும் பொம்மையோ, இடுப்பில் துண்டாகும் பொம்மையோ வந்தால் அது உடைந்தது என்று எழுதிவிடாதீர்கள். போரில் சாவதற்கென்றே செய்தவை அவை. இரு பாதியையும் நூல் இழுத்துப் பிடித்திருக்கும், வெட்டு விழும் நொடியில் ஆட்டுபவர் நூலை விடுவார். பலகையில் காலை ஓங்கி மிதித்து அவர் எழுப்பும் ஓசையும் அதே நொடியில் விழ வேண்டும். கை முந்தினால் வெட்டுக்கு முன்பே தலை பிளந்துவிடும்.

காட்சிக்கு வைத்த பொம்மையைப் படம் எடுக்கப் போனால் ஒன்று பாருங்கள். கம்பியின் மேல்முனைக் கொக்கியில் தொங்குகிறதா, காலில் நிற்கிறதா? பலெர்மோ பொம்மையைக் காலில் நிறுத்தி வைத்தால் முழங்கால் மூட்டில் எடை ஏறி, நாளாக ஆக மூட்டு தளரும், பிறகு நடை நேராக வராது. தொங்கவிட்டுத்தான் வைக்க வேண்டும்.