ரக்பி பிறந்த நாட்டில் அமெரிக்கக் கால்பந்துக்கு ஏன் இத்தனை வரவேற்பு?

கேள்வி: தேவிபட்டினம் உடற்கல்வி ஆசிரியர்

தேவிபட்டினத்துக்கு அருகே ஒரு பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்குக் கபடியும் கைப்பந்தும்தான் உயிர். என்னிடம் பயின்று இப்போது இங்கிலாந்தில் செவிலியராகப் பணிபுரியும் மாணவர் ஒருவர், சென்ற மாதம் விடுமுறைக்கு வந்திருந்தபோது, ரக்பி, அமெரிக்கக் கால்பந்து ஆகிய இரண்டு ஆட்டங்களின் காணொளிகளைத் தம் கைப்பேசியில் காட்டினார். இரண்டிலும் பந்து முட்டை வடிவம். இரண்டிலும் ஆளை ஆள் பிடித்து வீழ்த்துகிறார்கள். இரண்டிலும் எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பதே நோக்கம்.

ரக்பி என்பது இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர், அங்குள்ள பள்ளியின் மாணவர்கள் 1845இல் எழுதிவைத்த விதிகளிலிருந்துதான் அந்த ஆட்டமே வளர்ந்தது என்பதை நான் அறிவேன். அப்படியிருந்தும், தம்முடன் பணிபுரியும் ஆங்கிலேயர்கள் சிலர் ஞாயிறு மாலையானால் அமெரிக்க ஆட்டத்தின் முன் அமர்ந்துவிடுகிறார்கள் என்று அந்த மாணவர் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. தன் வீட்டிலேயே விளைந்த ஆட்டம் இருக்கும்போது, அதையே ஒத்த வேறோர் ஆட்டம் அந்த மக்களை எதனால் ஈர்க்கிறது? கவசமும் ஆரவாரமும் மட்டும்தானா, அல்லது ஆட்டத்துக்கு உள்ளேயே ஏதேனும் இருக்கிறதா? அங்கே வாழ்ந்தவர்கள் விளக்கினால், என் மாணவர்களுக்கும் எடுத்துச் சொல்வேன்.

பதில் 1: கீழக்கரைக்காரர், முன்பு லண்டனில்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். வெம்பிளி பகுதியில் ஒரு மளிகைக் கடையில் பதினோர் ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். மைதானத்துக்குப் போகும் கூட்டம் எங்கள் கடை வாசலைக் கடந்துதான் போகும் என்பதால், எந்த ஆட்டத்துக்கு எப்படிப்பட்ட மக்கள் வருகிறார்கள் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

இந்த ஈர்ப்பு நேற்று வந்ததன்று. 1982இல் தொடங்கிய சேனல் 4 தொலைக்காட்சி, அதே ஆண்டிலிருந்து என்எஃப்எல் எனப்படும் அமெரிக்கக் கால்பந்து லீக்கின் ஆட்டத் தொகுப்பை ஒளிபரப்பியது. அப்போது பள்ளிச் சிறுவர்களாக இருந்து அதைப் பார்த்தவர்கள்தாம் இன்று தங்கள் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்து வருகிறார்கள். 1986 ஆகஸ்டில் சிகாகோ பேர்ஸ் அணியும் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியும் பழைய வெம்பிளி மைதானத்தில் மோதியபோது, அது வெறும் பயிற்சி ஆட்டமாக இருந்தும் 80,000க்கும் மேற்பட்டோர் திரண்டனர். 1991இல் லண்டன் மோனார்க்ஸ் என்ற உள்ளூர் அணி, அதே மைதானத்தில் பார்சிலோனா அணியை 21-0 என்று வென்று முதல் உலக பவுல் கோப்பையைக் கைப்பற்றியது. ஆனால், அந்த அணி நிலைக்கவில்லை. அது ஆடிய ஐரோப்பிய லீக்கும் 2007இல் மூடப்பட்டது. அதே 2007 அக்டோபரில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியும் மயாமி டால்பின்ஸ் அணியும் முறையான பருவ ஆட்டம் ஒன்றைப் புதிய வெம்பிளியில் ஆடின. அன்றும் மைதானம் நிரம்பியது. உள்ளூர் அணிக்காக ஆண்டு முழுவதும் வராத கூட்டம், அசல் அமெரிக்க அணிகளுக்காக மழையில் நனைந்துகொண்டு வந்ததை இங்கே கவனிக்க வேண்டும்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது அந்தக் கூட்டத்தின் சட்டைகள். பிரிமியர் லீக் கால்பந்து ஆட்டம் என்றால் இரு அணிகளின் ரசிகர்களையும் வெவ்வேறு பகுதிகளில்தான் உட்கார வைப்பார்கள். என்எஃப்எல் ஆட்டத்தன்றோ ஆடும் இரு அணிகளின் சட்டைகளோடு, அன்று ஆடாத மற்ற அணிகளின் சட்டைகளையும் அணிந்து வருவார்கள். மொத்தம் 32 அணிகள் இருக்கின்றன. எல்லா அணிகளின் நிறங்களும் எங்கள் கடை வாசலில் ஒன்றாகப் போகும், சண்டையே இருக்காது. ஏனென்றால் அந்த அணிகளில் எதுவும் அவர்களுடைய தந்தை வழியாகவோ தெரு வழியாகவோ வந்ததன்று. ஒவ்வொருவரும் தாமே தேர்ந்தெடுத்துக்கொண்ட அணி அது.

ரக்பிக்கு அந்த நாட்டில் ஒரு சமூக அடையாளம் உண்டு. 1895இல் வட இங்கிலாந்தின் தொழிற்சாலை ஊர்களைச் சேர்ந்த அணிகள், ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் தொழிலாளிக்கு இழந்த கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்று கேட்டு, அது மறுக்கப்பட்டதால் பிரிந்துபோயின. அதுதான் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக்; விகன், லீட்ஸ் போன்ற ஊர்களில் ரக்பி என்றால் இன்றும் முதன்மை அதுவே. பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியன், தென் இங்கிலாந்தில் கட்டணப் பள்ளிகளில் படித்தவர்களின் ஆட்டமாக நெடுங்காலம் கருதப்பட்டது. அதில் வெளிப்படையாக ஊதியம் பெற 1995 வரை அனுமதி இல்லை. ஒருவர் எந்த ரக்பியைப் பார்க்கிறார் என்பதைக் கொண்டே அவர் எங்கிருந்து வந்தவர் என்று ஊகிக்கும் வழக்கம் அங்கே உண்டு. அமெரிக்க ஆட்டத்துக்கு அந்தச் சுமை எதுவும் கிடையாது. எங்கள் கடையில் வேலை பார்த்த கானா நாட்டு இளைஞரும், மேல் மாடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற வழக்கறிஞரும் ஒரே அணியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ரக்பியைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பதில் 2: சாயல்குடி கபடிப் பயிற்சியாளர்

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்ன சமூகக் காரணம் எனக்குப் புதிய செய்தி. நான் இங்கிலாந்துக்குப் போனவன் அல்லன்; ஆனால் நான்கு ஆண்டுகளாக இரண்டு ஆட்டங்களையும் தொடர்ந்து பார்க்கிறேன். ஆட்டத்துக்கு உள்ளே ஏதேனும் இருக்கிறதா என்று ஆசிரியர் கேட்ட பகுதிக்கு என்னால் பதில் சொல்ல முடியும். அதுவும் கபடி வழியாகவே சொல்ல முடியும்.

அமெரிக்கக் கால்பந்து ரக்பியிலிருந்து கிளைத்த ஆட்டம். 1874இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக அணி ஹார்வர்டுக்கு வந்து ஆடியபோதுதான் ரக்பி முறை ஹார்வர்டு மாணவர்களுக்குப் பிடித்துப்போனது. பிறகு யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் என்பவர் 1880இல் ஒரு மாற்றத்தை முன்மொழிந்தார். ஸ்க்ரம் என்னும் கூட்டுத் தள்ளலில் இரு தரப்பும் முட்டிமோதிப் பந்தைப் பெறுவதற்குப் பதிலாக, பந்து ஓர் அணியிடம் தெளிவாக ஒப்படைக்கப்படும். அந்த அணி நின்று, யோசித்து, ஆட்டத்தைத் தொடங்கும். இதனால் ஒரு புதிய தொல்லை வந்தது. 1881இல் யேலுக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடந்த ஆட்டத்தில் ஒவ்வோர் அணியும் ஒரு பாதி முழுவதும் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு முன்னேறாமல் நின்றது, ஒருவரும் புள்ளி எடுக்கவில்லை, பார்த்தவர்கள் வெறுத்துப்போனார்கள். அதனால் மறு ஆண்டே, மூன்று முயற்சிகளுக்குள் ஐந்து கஜம் முன்னேறாவிட்டால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்ற விதி வந்தது. இன்று அது நான்கு முயற்சிகளில் பத்து கஜம்.

இதைப் படித்தபோது நான் எழுந்து உட்கார்ந்தேன். புரோ கபடியில் ரெய்டர்கள் புள்ளி எடுக்காமல் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டே இருந்தால் ஆட்டம் சலித்துவிடும் என்பதற்காகத்தானே, தொடர்ந்து இரண்டு வெற்று ரெய்டுகளுக்குப் பின் மூன்றாவதை வாழ்வா சாவா ரெய்டு ஆக்கினார்கள்? நூறாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளியில், இரு வேறு நாடுகளில், ஒரே நோய்க்கு ஒரே மருந்தைக் கண்டிருக்கிறார்கள். நான்காவது முயற்சியில் இன்னும் இரண்டு கஜம் தேவை என்னும்போது பார்வையாளர்கள் எழுந்து நிற்பதும், மூன்றாவது ரெய்டுக்கு நம் பையன் மண்ணைத் தொட்டு வணங்கிவிட்டுப் போகும்போது திடலே மூச்சடக்கி நிற்பதும் ஒரே உணர்வுதான்.

பிரிட்டன் மக்களை இது ஏன் ஈர்க்கிறது? அவர்கள் கிரிக்கெட்டைப் படைத்தவர்கள் என்பதே என் விடை. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையில் ஆட்களை எங்கே நிறுத்துவது, அடுத்து எப்படி வீசுவான் என்று ஊகித்து மகிழும் பழக்கம் அவர்களுக்குப் பரம்பரையாகவே உண்டு. ரக்பியில் அந்த இடைவெளி குறைவு; எண்பது நிமிடமும் அலை அலையாகப் போய்க்கொண்டே இருக்கும். அமெரிக்க ஆட்டத்தில் ஒரு மோதல் சில நொடிகள்தான், அடுத்த மோதலுக்கு நாற்பது நொடி வரை அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தில் பார்வையாளனும் பயிற்சியாளனாகிவிடுகிறான். 1906 முதல் பந்தை முன்னோக்கி எறியலாம் என்பதால், ஓடுவார்களா எறிவார்களா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் புதிதாக எழுகிறது. பந்தைப் பின்னோக்கி மட்டுமே கைமாற்ற அனுமதிக்கும் ரக்பியில் இந்தக் கேள்வி இந்த வடிவில் எழாது. ரக்பியை நான் மதிக்கிறேன். ஆனால், சிந்திக்க இடம் கொடுக்கும் ஆட்டம் எது என்றால் என் கை அமெரிக்க ஆட்டத்தைத்தான் காட்டும்.

பதில் 3: தங்கச்சிமடத்திலிருந்து, ஒரு கரைவலைக்காரர் மகள்

பயிற்சியாளர் அண்ணன் எழுதியதில் ஒரு பாதியை ஏற்கிறேன், மறுபாதியை மறுக்கிறேன். கார்டிஃப் நகரில் இரண்டு ஆண்டுகள் முதுகலை படித்தேன். வேல்ஸ் நாட்டில் ரக்பி, காக்கா சொன்ன கட்டணப் பள்ளிக்காரர்களின் ஆட்டம் அன்று. நிலக்கரிச் சுரங்கப் பள்ளத்தாக்குகளில் வேலை செய்தவர்களின் ஆட்டம் அது. ஆறு நாடுகள் என்னும் ரக்பிப் போட்டி நடக்கும் நாளில் நகரம் முழுவதும் சிவப்புச் சட்டையில் இருக்கும், மைதானத்தில் மக்கள் சேர்ந்து பாடுவது தெருவுக்குக் கேட்கும்.

ரக்பியில் சிந்தனை இல்லை என்று யாரேனும் நினைத்தால், கரைவலை இழுப்பதைப் பார்க்கச் சொல்வேன். வலையின் இரு வடங்களையும் கரையில் இரு குழுக்கள் பிடித்துக்கொண்டு, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று காலாலேயே உணர்ந்து, யாரும் கட்டளையிடாமல் ஒரு குழு தளர்த்த மற்றொரு குழு இறுக்கி, மெல்ல மெல்ல நெருங்கி வரும். என் தந்தையின் வடத்தில் நிற்பவர்கள் நடுவில் நிறுத்தி ஆலோசிக்க முடியாது, நிறுத்தினால் மீன் போய்விடும். எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துத் தள்ளும் ஸ்க்ரம்மை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு எங்கள் கடற்கரைதான் நினைவுக்கு வந்தது. ரக்பியில் அதே பதினைந்து பேர்தான் தாக்கவும் வேண்டும், காக்கவும் வேண்டும், களைத்த நிலையிலும் தாமே முடிவெடுக்கவும் வேண்டும். அமெரிக்க ஆட்டத்தில் தாக்குவதற்கு ஓர் அணி, காப்பதற்கு வேறோர் அணி, உதைப்பதற்கு மட்டும் தனியாள். முடிவைப் பெரும்பாலும் வெளியே நிற்பவர் எடுத்துத் தலைக்கவசத்தில் உள்ள ஒலிபெருக்கி வழியாகச் சொல்கிறார். அறுபது நிமிட ஆட்டம் விளம்பரங்களோடு மூன்று மணி நேரம் நீள்வதைத்தான் என் வேல்ஸ் தோழிகள் பொறுக்க மாட்டார்கள்.

இரண்டும் ஒத்த ஆட்டங்கள் என்ற எண்ணத்தையும் சற்றே மாற்றிக்கொள்ள வேண்டும். ரக்பியில் பந்து இல்லாதவரை மறிப்பது குற்றம், அமெரிக்க ஆட்டத்திலோ அதுவே பாதித் தொழில். வேல்ஸின் மிக வேகமான ஆட்டக்காரர்களில் ஒருவரான லூயி ரீஸ்-சாமிட், 2024 ஜனவரியில், தம் 22ஆம் வயதில் ரக்பியை விட்டு அமெரிக்காவுக்குப் போனார். நாங்கள் எல்லோரும் ஏமாற்றத்தோடும் பெருமையோடும் அவரை வழியனுப்பினோம். இரண்டு அணிகளில் முயன்றும் முறையான பருவ ஆட்டம் ஒன்றில்கூடக் களமிறங்காமல் மறு ஆண்டே ரக்பிக்குத் திரும்பிவிட்டார். அதற்கு முன் இங்கிலாந்தின் கிறிஸ்டியன் வேட், 2019இல் பயிற்சி ஆட்டம் ஒன்றில் முதன்முறை பந்தைத் தொட்டதுமே 65 கஜம் ஓடி எல்லைக்கோட்டைக் கடந்து டச் டவுன் எடுத்தும், அவருக்கும் அந்தக் கதவு முழுதாகத் திறக்கவில்லை.

நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தியையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ஐயா. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் மோதும் ரக்பி ஆட்டத்தின் பரிசுக்குக் கல்கத்தாக் கோப்பை என்று பெயர். கல்கத்தாவில் இருந்த ரக்பி கழகம் கலைக்கப்பட்டபோது, வங்கியில் இருந்த அதன் பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கிச் செய்த கோப்பை அது. நாகப்பாம்பு வடிவக் கைப்பிடிகளும் மூடியின் மேல் யானையும் கொண்ட அந்தக் கோப்பைக்காக 1879 முதல் ஆடி வருகிறார்கள். தாமே தேர்ந்தெடுத்த அணிமேல் வைக்கும் அன்பு ஒருவகை. பிறந்த மண்ணுக்காகத் தொண்டை வலிக்கப் பாடுவது வேறுவகை. ஒன்று வந்ததால் மற்றது குறைந்ததை நான் அங்கே பார்க்கவில்லை.

கேட்டவர் மீண்டும்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கரைவலையையும் வாழ்வா சாவா ரெய்டையும் வைத்து விளக்கியது என் வகுப்புக்கு அப்படியே பயன்படும். இன்னும் ஒன்று கேட்கிறேன். தலைக்கவசம் அணிந்து ஆடுவதுதான் பாதுகாப்பானதா? பிள்ளைகள் இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

பதில் 4: சாயல்குடி கபடிப் பயிற்சியாளர்

கவசம் மண்டையோடு உடைவதைத் தடுக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் முழுமையாகத் தடுக்க முடியாது. கவசம் இருக்கிறது என்ற துணிவில் தலையை முன்னால் கொடுத்து மோதுவதும் உண்டு. அதனால்தான் சியாட்டில் சீஹாக்ஸ் அணி, தலையை ஒதுக்கித் தோளால் பிடிக்கும் ரக்பி முறையைத் தன் வீரர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அதே நேரத்தில் ரக்பியும் தப்பவில்லை. 2003இல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியில் ஆடிய ஸ்டீவ் தாம்சன், அந்த வெற்றியே தமக்கு நினைவில் இல்லை என்று 2020இல் வெளிப்படையாகச் சொன்னார். கபடிப் பிடியிலும் நாம் தலையை எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பதை முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

பிள்ளைகளுக்கு நேரில் காட்ட விரும்பினால், அக்டோபர் மாத ஞாயிறுகளில் லண்டனில் நடக்கும் என்எஃப்எல் ஆட்டங்கள் நம் நேரப்படி இரவு 7 மணி அளவில் தொடங்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆறு நாடுகள் ரக்பி நடக்கும். முதலில் ரக்பியைக் காட்டுங்கள், ஐயா. தாய் ஆட்டத்தைப் பார்த்த பிறகு பிள்ளை ஆட்டத்தைப் பார்த்தால், எங்கே பிரிந்தது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.