புதுப்பிப்பு: 1/72 ஸ்பிட்ஃபயருக்கு வந்த குறைகளில் எது தேறியது?

நிஜத்தைவிட 72 மடங்கு சின்னதான ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடலின் படத்தைப் பார்த்து ஒருவர் சொன்ன மூன்று குறைகளை முந்தைய பதிவில் குறிப்பிட்டிருந்தேன்: டெக்காலுக்கு (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய சின்னப் படம்) அடியில் வெள்ளி பூத்திருக்கிறது, பேனல் கோடுகள் (விமானத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கீறல்கள்) ஆழம், பச்சை நிறம் தப்பு. கூடவே "இதெல்லாம் ஒரு மாடலா?" என்ற நக்கலும் வந்தது.

முதலாவது நூற்றுக்கு நூறு சரி. மேட் பெயின்ட்டின் சொரசொரப்பில் காற்று சிக்கினால் டெக்காலின் ஓரம் பனி படர்ந்த மாதிரி தெரியும். ஒட்டிய பிறகும் காப்பாற்றலாம். மெல்லிய ஊசியால் அந்த இடத்தில் நாலைந்து குத்து, மேலே ஒரு துளி மைக்ரோ சோல் (டெக்காலை இளக்கும் திரவம்). டெக்கால் சுருங்கும், பயந்துபோய் தொடக்கூடாது. காய்ந்தால் தானே படியும். தேவைப்பட்டால் இன்னொரு முறை. அடுத்த மாடலில் டெக்காலுக்கு முன்பே பளபளப்பான (gloss) வார்னிஷ் அடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

பேனல் கோடு விஷயத்தில் கணக்கு குறை சொன்னவர் பக்கம்தான். 0.2 மி.மீ. கோடு என்றால் நிஜ விமானத்தில் 14.4 மி.மீ. இடைவெளி! ஆனால் அதற்காக எல்லாவற்றையும் அடைத்துத் திரும்பக் கீறுவது வீண் வேலை. கோட்டுக்குள் ஓடவிடும் நீர்த்த பெயின்ட்டான வாஷில் கறுப்புக்குப் பதில் அடர்சாம்பல் போட்டாலே கோடு அடங்கிவிடும்.

நிறச் சண்டையை விட்டுவிடலாம். டியூப் லைட்டில் எடுத்த போன் படத்தை வைத்துப் பச்சையை அளக்க முடியாது.

நக்கலுக்கு ஒரே பதில்: "எந்த இடம், எப்படிச் சரிசெய்வது?" ரிவெட் எண்ணும் ஆளாக, அதாவது நுணுக்கி நுணுக்கிக் குறை பார்ப்பவராக இருந்தாலும் விஷயம் தெரிந்தவர் இடத்தைக் காட்டுவார். மற்றவர் அதோடு காணாமல் போவார்.